வரம்பில் காப்போடு நின்ற கீழ்க்காய்நெல்லி

கீழ்க்காய்நெல்லியின் மருத்துவக் குணங்களைப் பற்றி உங்கள் சித்த மருத்துவ மாணவர் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வந்த பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மிஸ், உங்கட அனுபவத்தில இருந்து ரெண்டு பக்கம் போதும்" என்றது. ஓய்வு பெற்ற வைத்தியர் ஒருத்தியிடம் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, அதை இரண்டு பக்கத்தோடு நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்? நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இனி நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குணங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாரி மழை விழுந்து வயல் வரம்புகள் பச்சை பிடிக்கும்போது தானாக முளைக்கிற சிறு செடி அது. இலை ஈர்க்கை மெல்லத் திருப்பினால் அடிப்பக்கத்தில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். கைப்பும் துவர்ப்பும் கலந்த சுவை, உடம்புக்குக் குளிர்ச்சி. எங்கள் பக்கத்தில் செங்கமாரிக்கு, அதாவது மஞ்சட்காமாலைக்கு, வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் தள்ளிப் பத்தியம் காப்பார்கள். நீர்க்கடுப்புக்கு அவித்த நீரைக் குடிப்பதும், சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசுவதும் உண்டு. இவ்வளவும் நீங்கள் படித்துப் பரீட்சை எழுதியவைதான். இப்போது போன் கமராவைச் செடிக்கு நேரே பிடித்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறதாம். நல்லது. ஆனாலும் ஒருமுறை குனிந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்காய்நெல்லியும் அதே வரம்பில்தான் நிற்கிறது, அதற்கும் போட்டோவில் அழகாக விழத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது எந்தப் பரீட்சையிலும் வராது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் ஊர்களில், மருந்துக்கு வேண்டிய செடியைக் கண்டவுடன் பிடுங்கமாட்டார்கள். மஞ்சள் பூசிய நூலைத் தண்டில் கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நோயாளியின் பெயரைச் சொல்லி விட்டுவிட்டு வருவார்கள். அதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியலில், தன் நிழல் செடியில் விழாமல், இரும்பு படாமல், கையால் பிடுங்க வேண்டும். காப்புக் கட்டியதும் அந்தச் செடி அந்த ஆளுக்குச் சொந்தம். அதன் பிறகு வேறு மருந்து அவர் வாயில் படக்கூடாது. பட்டால் கட்டை மீறிய குற்றம் அவரையே சேரும் என்பார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கிற வயது உங்களுக்கு. சிரியுங்கள், ஆனால் அங்கே போய் நின்றுகொண்டு சிரிக்காதீர்கள்.

என் முதல் நியமனத்தில் எனக்கு மேலே ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். நோயாளி கதிரையில் உட்காருமுன்னே, "மூத்திரம் போகுதா?" என்று கேட்பார். பெயர் பிறகு, ஊர் பிறகு. தலையிடி என்று வந்தவரிடமும் அதே கேள்வி. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையிடமும் கேட்டுவிடுவார் என்று நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். ஒருநாள் துணிந்து காரணத்தைக் கேட்டேன். "மனுசன் நோவக் கூட்டியும் சொல்லுவான், கொறச்சும் சொல்லுவான் புள்ள. இதில பொய் சொல்ல ஒருத்தருக்கும் தோணாது" என்றார். அந்தக் கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. வெட்கம் கெட்ட மிஸ் என்று பெயரும் வாங்கினேன்.

தெய்வானை என் மருந்தகத்துக்கு வந்த அன்று அந்தக் கேள்விதான் எனக்குக் கைகொடுத்தது.

தை மாதம். எங்கும் வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை. தெய்வானையை எனக்கு முன்பே தெரியும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வெளியில், அவர்கள் பேச்சில் வட்டையில், அவளுக்குச் சீதனமாக வந்த வயல் இருந்தது. புருசன் யோகராசா அந்த வயலே கதி என்று கிடக்கிற மனிதர். மனைவியின் மண்ணை இப்படித் தாங்குகிறாரே என்று ஊரார் கேலி செய்வார்கள், அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார். தெய்வானையும் அவரை அப்படித்தான் தாங்கினாள். வாய் மட்டும் அவரைத் திட்டிக்கொண்டே இருக்கும்.

அன்று அவள் வைத்தியத்துக்கு வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தாள்.

"மிஸ், இவருக்குச் செங்கமாரி. கண்ணெல்லாம் மஞ்சள். கீழ்க்காய்நெல்லிக்குக் காப்புக் கட்டிட்டன். ஞாயித்துக்கிழமை புடுங்கணும். போன முறை மோர்ல குடுத்த. இந்த முறை ஆட்டுப்பால் நல்லமா எண்டு கேக்க வந்த நான்."

அன்று வியாழக்கிழமை.

"மூத்திரம் போகுதா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். "நேத்து விடிய கொஞ்சம் போன. பொறகு இல்ல மிஸ். மனுசன் தண்ணி குடிக்கல்லத்தானே, அதுதான்."

"காய்ச்சல்?"

"அது நாலஞ்சு நாளா இருக்கு. வெட்டு நேரத்தில ஆருக்குத்தான் காய்ச்சல் இல்ல?"

நான் எழுந்துவிட்டேன். மருந்தாளரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவள் வந்த ஓட்டோவிலேயே ஏறினேன். ஆட்டுப்பாலுக்கு ஏன் மிஸ் இப்படி அவசரப்படுகிறா என்று அவளுக்கு விளங்கவில்லை. வழி நெடுக என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

யோகராசா விறாந்தையில் பாயில் கிடந்தார். கண்ணில் மஞ்சளோடு சிவப்பும் இருந்தது. கெண்டைக்காலைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். மூட்டை தூக்கிப் பழகிய மனிதர் "அம்மா" என்று கத்திவிட்டார். காலில் சேற்றுப்புண் வெடிப்புகள். கேட்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரில் கலக்கிற எலி மூத்திரத்தால், புண் வழியே உடம்பில் ஏறுகிற நோய். ஈரலைத் தாக்கும்போது கண் மஞ்சளாகும், சிறுநீரகத்தைத் தாக்கும்போது மூத்திரம் நிற்கும். கீழ்க்காய்நெல்லிக்கு இதில் வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க இவருடைய சிறுநீரகத்தால் முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும் என்றேன்.

"செங்கமாரிக்கு இங்கிலீசு மருந்து இல்ல மிஸ். இது ஊரறிஞ்ச கதைதானே" என்றார் யோகராசா. பேசவே களைத்தார். "போன முறையும் இப்பிடித்தான் மஞ்சளிச்ச. இவள் அரைச்சித் தந்தாள். எழும்பிட்டன்."

இந்த இடத்தைக் கவனியுங்கள் பிள்ளைகளே. அவர் சொன்னது பொய்யில்லை. முன்பு அவருக்கு வந்தது சாதாரண செங்கமாரி, செடியும் பத்தியமும் ஓய்வும் அவரை எழுப்பித்தான் இருந்தன. ஒருமுறை கைகொடுத்த மருந்தைத்தான் ஆட்கள் இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். எங்கள் தொழிலில் அரைகுறை வைத்தியர்களைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த நல்ல அனுபவம்தான்.

நான் விளக்கினேன். சத்தம் போட்டேன். செத்துப்போவீர்கள் என்றே சொன்னேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் என்னை நிதானமாகப் பார்த்துக் கேட்டார்:

"மிஸ், நீங்க சித்த வைத்தியர்தானே? உங்கட மருந்த நீங்களே நம்பல்லயா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். நான் எத்தனையோ பேருக்கு அந்தச் செடியைக் கொடுத்தவள். அதன் மேல் எனக்கு அன்பு உண்டு. அன்பு இருப்பதால்தான் அது செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொல்ல நான் வாயெடுக்குமுன் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவரை இனி அசைக்க முடியாது என்று தெரிந்தது. வீடு தெய்வானையின் வீடு, சொல்லும் அவளுடையது. "வா புள்ள, அந்தச் செடியக் காட்டு" என்றேன்.

வயல் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. வாய்க்கால் ஓரத்து வரம்பில் அந்தச் செடி நின்றது. தண்டில் மஞ்சள் நூல், சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். முட்டுக்காலிட்டு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அசல் கீழ்க்காய்நெல்லி. நல்ல தளதளப்பு.

"நல்ல செடிகா. வடிவாத் தெரிஞ்செடுத்திருக்காய்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவ்வளவுதான், அவள் அழத் தொடங்கிவிட்டாள். "எனக்கு ஆஸ்பத்திரியில பயமில்ல மிஸ். நீங்க சொன்னா நான் கொண்டு போயிருவன். ஆனா கட்டிட்டன். அவர்ர பேரச் சொல்லிக் கட்டிட்டன். இப்ப வேற மருந்து குடுத்தா அந்தக் குத்தம் அவரத்தானே சேரும்? அவிழ்த்தாலும் குத்தம். நான் என்ன செய்ய?"

அதுவரை நான் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து ஆஸ்பத்திரியைப் பற்றியே கத்திக்கொண்டிருந்தேன். அவளைப் பிடித்து வைத்திருந்தது ஒரு முழ நூல். அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் அன்றிரவே இன்னொரு நூல் கட்டியிருப்பாள், யோகராசா ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்திருப்பார்.

"இஞ்ச பாருகா" என்றேன். "காப்பு எண்டா என்ன? காவல்தானே? அவிழ்க்க வேணாம். செடி நிக்கிற வரைக்கும் கட்டும் நிக்கும். புடுங்கி அரைச்சாத்தான் அது மருந்து. மருந்து ஆகாததுக்கு ஏது பத்தியம்? அவரு ஆஸ்பத்திரிக்குப் போய் வரட்டும். அதுவரைக்கும் செடி அவருக்காகக் காத்துக்கொண்டு நிக்கட்டும். வந்த பொறகு ஒரு ஞாயித்துக்கிழமை புடுங்குவம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எந்த ஞாயித்துக்கிழமை எண்டு கட்டேக்க சொல்லல்லத்தான்" என்றாள் மெதுவாக.

"சொல்லல்லத்தானே?"

"இல்ல."

அப்படி ஒரு வழக்கம் எந்த ஏட்டிலாவது இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவளுடைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டு, அவளால் நடந்துபோகக்கூடிய ஒரு வழியைத் தேடினேன்.

அவள் விறாந்தைக்குப் போனாள். "எழும்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறம். செடி நிக்கும், நான் பாத்துக்கொள்றன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் என்னவோ முணுமுணுத்தார். "கதைக்காம எழும்புங்க" என்றாள். எழும்பினார். நான் அவ்வளவு நேரம் கத்தி முடியாததை அவள் ஒரு மூச்சில் முடித்தாள்.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது யோகராசாவின் தலை தெய்வானையின் தோளில் கிடந்தது. அவள் வாவியைப் பார்த்தபடி, மனதுக்குள் யாரையோ வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் பயம். அதை மறைக்க ஓட்டோக்காரரை ஏசிக்கொண்டு போனேன், பாவம்.

ஆஸ்பத்திரியில் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் காத்தான்குடிப் பக்கத்து மனிதர். எனக்குப் பழக்கமானவர், சந்திக்கும்போதெல்லாம் என்னைப் பகிடி பண்ணாமல் விடமாட்டார். அன்று பகிடி இல்லை. பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, "ஞாயிறு வரைக்கும் விட்டிருந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். காப்புக் கதையை அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்ப அந்தச் செடிய ஆடு திங்காமப் பாக்கணும்" என்றார் முகம் மாறாமல்.

அந்த டொக்டரை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். காய்ச்சல் விட்டதும் யோகராசா வீட்டுக்குப் போக நின்றார். ஊசி போதும், வெட்டு வேலை கிடக்கிறது என்று அடம். சிறுநீரகம் இன்னும் தேறவில்லை. டொக்டர் காலையில் வாட்டைச் சுற்றி வரும்போது அவர் கட்டிலடியில் நின்று, "செடி நிக்குதா?" என்று கேட்பாராம். "நிக்கிதாம் டொக்டர்." "அப்ப நீங்களும் நில்லுங்க." இப்படியே ஆளை வைத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் விசாரிக்கத் தொடங்கி, அந்தச் செடி வாட்டுக்கே பொதுச் செடியாகிவிட்டது.

வயலில் செடியை நிறுத்தி வைப்பதுதான் லேசாக இருக்கவில்லை. தெய்வானையின் தம்பி ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றான். அவள் பகலில் அங்கே போய் வந்து, பின்னேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். மாடு ஆட்டுக்கு இலந்தை முள் வெட்டி வேலி வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவர்கள் வட்டைக்கு வெட்டு மெசின் வந்தது. முறை தவறினால் மெசின் அடுத்த வட்டைக்குப் போய்விடும். அடுத்த வயலுக்கு இறங்க அது அந்த வரம்பால்தான் ஏற வேண்டும். நான் அன்று டொக்டரிடம் விசாரித்த நிலைமையைச் சொல்லிவிட்டு வரலாமென்று போயிருந்தேன். போய்ப் பார்த்தால், மெசின் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்கு முன்னால் வரம்பில் கால் நீட்டி இருக்கிறாள் தெய்வானை.

"அக்கா, ஒரு புல்லுக்காக மெசின மறிக்கிறீங்களே!" என்று சாரதி மேலே இருந்து கத்தினான். வெளியூர்ப் பையன், அவனுக்கு என்ன தெரியும்?

"அது புல்லில்ல தம்பி" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "என்ட மனுசன் நிக்காரு."

சாரதி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். மெசினை நிறுத்தி இறங்கி வந்து, நூல் கட்டிய செடியைக் குனிந்து பார்த்தான். என்ன நினைத்தானோ, மண்வெட்டி வாங்கி வரம்பின் மற்றக் கோடியில் தானே ஒரு பாதை வெட்டி, மெசினை அந்தச் சுற்றால் கொண்டுபோனான். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

யோகராசா வந்தார். பாதி ஆளாக, ஆனால் நடந்து வந்தார். வந்தவுடன் பிடுங்கலாமா என்று தெய்வானைக்கு அவசரம். நான் டொக்டரைக் கேட்டேன். இரத்தப் பரிசோதனை சரியாக வரட்டும் என்றார். ஆகவே செடி இன்னும் நின்றது. கடைசியில் ஒரு ஞாயிறு விடிய, நிழல் விழாமல், இரும்பு படாமல் பிடுங்கினோம். அதற்குள் அது முற்றிக் காய் உதிர்த்து, வரம்பெல்லாம் குஞ்சுகுஞ்சாக முளைத்திருந்தது. நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில் கொடுத்தேன். யோகராசா முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, "கைக்கிது" என்றார். "கைக்கட்டும். உங்களுக்காக நான் வெயில்ல காஞ்சது கைக்கல்லயா?" என்றாள் தெய்வானை. பிறகு அவர் பார்க்காத பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

பிள்ளைகளே, உங்களிடம் மஞ்சள் கண்ணோடு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று மட்டும் யோசிக்காதீர்கள். அவர்களை எது கட்டி வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். சிலரைக் காசு கட்டும், சிலரைப் பயம், சிலரை மாமியார். அந்தக் கட்டு தெரியாமல் சத்தம் போட்டால் நமக்குத் தொண்டை நோவதுதான் மிச்சம். மற்றது, மூத்திரத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதுவும் வெட்டுக்காலம். மருந்தகத்து வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு வாலிபன் சுருண்டு கிடந்தான். அவன் பெண்சாதி, சின்னப் பிள்ளை, இறங்காமலே எட்டிப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியாது.

"மிஸ், இவருக்குக் காய்ச்சலும் கண் மஞ்சளும். மூத்திரமும் கொறவு. ஆஸ்பத்திரிக்குப் போறம். கீழ்க்காய்நெல்லிக்குக் காப்புக் கட்டிட்டுத்தான் வாறம். திரும்பி வந்த பொறகு உங்களிட்ட வாறன், அரைச்சித் தரணும்."

"முதல்ல செடியக் குடுக்கல்லயா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவ்வளவு வயதாகியும் இது தெரியாத ஒரு வைத்தியரா என்கிற பார்வை.

"ஐயோ மிஸ், கட்டினா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துதானே புடுங்கிற? செடி நிண்டாத்தானே ஆளும் நிக்கும்? எங்கட வட்டையில பூட்டன் காலத்தில இருந்து அதுதானே வழக்கம்! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் புள்ள" என்றேன். "சுறுக்காப் போ."